தேர்வில் தோற்ற பெங்களூரு வைரஸ்

தடுப்பு மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் நோயாளியின் படுக்கையருகே தொடங்குகிறது. நோயுற்றவரின் உடலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்து, அதைக் கொன்றோ வலுக்குறைத்தோ, நோயுறாதவருக்கு அளிப்பதே லூயி பாஸ்டர் காலம் தொட்டு ஆய்வாளர்கள் நடந்துவந்த பாதை. இந்தியாவில் உருவான ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் வரலாறோ, எந்த நோயும் இல்லாமல் தாயின் அணைப்பில் உறங்கிக்கொண்டிருந்த பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் தொடங்கியது. 1980களில் தில்லியிலும் பெங்களூரிலும் இரு ஆய்வுக் குழுக்கள், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளிடமிருந்து இரண்டு வைரஸ்களைக் கண்டெடுத்தன. தில்லியில் கிடைத்த வைரஸ் இன்று இலட்சக்கணக்கான குழந்தைகளின் வாயில் சொட்டுச் சொட்டாக விடப்படும் மருந்தாகியிருக்கிறது. பெங்களூரில் கிடைத்தது சோதனையில் பின்தங்கி, ஆய்வகத்தோடு நின்றுவிட்டது. வென்ற வைரஸின் பெருமையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள் என்றாலும், ரோட்டா வைரஸின் இயல்பைப் பற்றியும் இந்த மண்ணில் வளரும் குழந்தைகளின் குடலைப் பற்றியும் அறிந்துகொள்ள, தோற்ற வைரஸின் கதை எவ்வகையிலும் குறைந்ததல்ல.

குழந்தைக்குப் பேதியானால் பல் முளைக்கிறது என்பார்கள், மாந்தம் என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துபோவது என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் வரும் என்ற அந்தக் கூற்றில் உண்மை உண்டு. ஐந்து வயதை எட்டுவதற்குள் உலகின் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் ரோட்டா வைரஸ் ஒருமுறையேனும் தொற்றிவிடுகிறது. மலத்திலிருந்து கைவழியாகவும் பொருள்வழியாகவும் வாய்க்குச் செல்லும் இக்கிருமி, நூற்றுக்கும் குறைவான துகள்களைக் கொண்டே தொற்றை உண்டாக்க வல்லது என்பதால், கொதிக்கவைத்த நீரும் கழுவிய கையும் காலராவைத் தடுக்கும் அளவுக்கு இதைத் தடுப்பதில்லை. ஐரோப்பாவின் வளமான வீட்டுக் குழந்தைக்கும் பெங்களூரின் தகரக்கூரை வீட்டுக் குழந்தைக்கும் தொற்று ஒன்றுதான். வாந்தியும் நீர்போன்ற பேதியும் தொடங்கிய பிறகு, இழந்த நீரையும் உப்பையும் எவ்வளவு விரைவாகத் திரும்பப் பெற முடிகிறது என்பதில்தான் இருவரின் விதியும் பிரிகிறது.

நீர் வற்றிய குழந்தையை அறிந்தவர்களுக்கு அதன் அடையாளங்கள் மறப்பதில்லை. உச்சிக்குழி உள்ளிறங்கிவிடும், கண்கள் குழிவிழும், அழுதால் கண்ணீர் வராது, வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டால், உடனே சமமாகாமல் மடிந்த துணிபோல் சிறிது நேரம் அப்படியே நிற்கும். இந்த நிலையை எட்டுவதற்கு முன்பே உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சிறுகச் சிறுகப் புகட்டினால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம் என்பதை 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகலனோபிஸ் காட்டினார்; இன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு ஊரறிந்த பெயர் கிடைத்ததில் அந்த முகாமுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் குடித்ததையெல்லாம் வாந்தியெடுக்கும் குழந்தைக்கு, நள்ளிரவில், மருத்துவமனை தொலைவில் இருக்கையில், பொட்டலம் மட்டும் போதுவதில்லை. தடுப்பு மருந்து நாட்டில் அறிமுகமாவதற்குச் சற்று முந்தைய மதிப்பீடு ஒன்றின்படி, இந்தியாவில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட 78,000 குழந்தைகள் அளவில் ரோட்டா வைரஸால் இறந்துகொண்டிருந்தார்கள். பேதிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் பத்தில் நால்வருக்கு ரோட்டாவே காரணமாக இருந்தது.

1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப்பும் அவரது குழுவினரும், பேதியால் வாடிய குழந்தைகளின் சிறுகுடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது முதன்முதலாக இந்த வைரஸ் மனிதரிடம் அடையாளம் காணப்பட்டது. ஆரக்கால்கள் கொண்ட சக்கரம்போல் தெரிந்ததால், இலத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் ரோட்டா என்ற சொல்லே அதன் பெயராயிற்று. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று புரத உறைகளும், அவற்றுக்குள் மரபுச் செய்தியைத் தாங்கிய ஆர்.என்.ஏ. என்ற வேதிப்பொருளும் கொண்டது அது. ஆர்.என்.ஏ. கொண்ட பெரும்பாலான வைரஸ்களில் அது ஒரே நீண்ட இழையாக இருக்க, ரோட்டாவில் அது 11 தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. ஒரே உயிரணுவுக்குள் இரண்டு வேறு ரோட்டா வைரஸ்கள் நுழைந்துவிட்டால், இரண்டு சீட்டுக்கட்டுகளைக் கலைத்துப் போட்டதுபோல் ஒன்றின் துண்டுகளும் மற்றொன்றின் துண்டுகளும் கலந்து புதிய வைரஸ் பிறக்கலாம் என்பதே இந்தத் துண்டு அமைப்பின் விளைவு. பெங்களூரின் கதை முழுவதும் இந்தக் கலப்பின் மேல்தான் நிற்கிறது.

அதே மெல்போர்னில் பிஷப்பின் குழு இன்னொன்றையும் கவனித்தது. மகப்பேறு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் ரோட்டா வைரஸ் ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தும், தொற்றிய குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பேதியே வரவில்லை. அந்தக் குழந்தைகளை மூன்றாண்டு காலம் தொடர்ந்து பார்த்தபோது, அவர்களுக்கு மீண்டும் தொற்று வராமல் இல்லை என்றாலும், வந்த நோய் கடுமையாக இல்லை. 1983இல் வெளியான இந்த முடிவு, இயற்கையே ஒரு தடுப்பு மருந்தை அளித்துப் பார்த்துவிட்டது என்று சொல்லாமல் சொன்னது. பிறந்த வாரத்திலேயே தொற்றி, நோய்தராமல், பிற்காலத்து நோயிலிருந்து காக்கும் ஒரு வைரஸ் கிடைக்குமானால், அதை ஆய்வகத்தில் வலுக்குறைக்க வேண்டிய தேவையே இருக்காது அல்லவா?

தில்லியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் குழந்தை மருத்துவர் மகாராஜ் கிஷன் பான் இந்தக் கேள்வியோடு 1985-86இல் பச்சிளங்குழந்தைகளின் மலத்தைச் சேகரித்தார். அங்கே கிடைத்த கிளைவகைக்கு 116-இ என்று எண்ணிடப்பட்டது. பெங்களூரில், உள்ளூர்க்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்றே அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்தில், நுண்ணுயிரியல் மற்றும் உயிரணு உயிரியல் துறையைச் சேர்ந்த சி. துர்கா ராவ் 1980களின் பிற்பகுதியில் நகரத்து மருத்துவமனைகளின் குழந்தை மருத்துவர்களோடு சேர்ந்து அதே வேலையைத் தொடங்கினார். ஒரு பக்கம் பேதியோடு வந்த குழந்தைகளின் மலம், மறுபக்கம் எந்த நோயும் இல்லாத பச்சிளங்குழந்தைகளின் மலம் என இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தது இக்குழுவின் சிறப்பு.

அந்தப் பார்வை எப்படி நடந்தது என்பதைச் சற்று அருகில் சென்று காண்பது தகும். மலத்திலிருந்து பிரித்த ஆர்.என்.ஏ.வை, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வார்த்த மெல்லிய கூழ்மப் பாளத்தின் மேல்விளிம்பில் சிறு குழிகளில் இட்டு, மின்சாரத்தைச் செலுத்துவார்கள். சிறிய துண்டுகள் விரைந்து கீழிறங்கும், பெரியவை பின்தங்கும். பல மணிநேரம் கழித்துப் பாளத்தை எடுத்து வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்தால், ஒளிப்படம் கழுவும்போது உருவம் தோன்றுவதுபோல், வெளிறிய தளத்தில் பழுப்பு நிறக் கோடுகள் மெல்லத் தெளியும். ஏ பிரிவைச் சேர்ந்த ரோட்டா வைரஸ் இருந்தால் மேலே நான்கு, அடுத்து இரண்டு, நெருக்கமாக மூன்று, கடைசியில் இரண்டு என மொத்தம் 11 கோடுகள் நிற்கும். ஏணிப்படிபோன்ற அந்த வரிசையைக் கண்டாலே, சோதனைக் குழாயில் இருந்தது ரோட்டாதான் என்று பழகிய கண் சொல்லிவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. பொறுமையும் நல்ல கண்ணும் போதும்.

கடைசி இரண்டு கோடுகள் நிற்கும் இடத்தைப் பொறுத்து மனிதரிடம் காணும் ரோட்டாவை நீள்வரிசை, குறுவரிசை என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். வைரஸின் நடு உறைப் புரதத்தை வைத்து முதல் துணைக்குழு, இரண்டாம் துணைக்குழு என்ற வேறொரு பிரிவும் உண்டு. மனிதரிடம் காணப்படுபவற்றில் நீள்வரிசையோடு இரண்டாம் துணைக்குழுவும், குறுவரிசையோடு முதல் துணைக்குழுவும் சேர்ந்தே வருவது பொதுவிதி. பெங்களூரின் நோயுறாத பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்தவை நீள்வரிசையும் முதல் துணைக்குழுவுமாக இருந்தன. விலங்குகளின் ரோட்டாவில் சாதாரணமாகக் காணப்படும் இந்தச் சேர்க்கை மனிதக் குழந்தையிடம் இருந்தது விந்தை. பேதியோடு வந்த குழந்தைகளிடம் இவை இல்லை என்பதும், பிறந்த சில நாட்களே ஆனவர்களிடம் மட்டும் இவை நோயின்றி வாழ்ந்தன என்பதும் 1992இல் வெளியான ஆய்வுரையில் பதிவாயின. அவற்றுள் ஒன்றுக்கு இடப்பட்ட எண்தான் ஐ-321.

மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்தபோது விந்தைக்கு விளக்கம் கிடைத்தது. ஐ-321இன் 11 துண்டுகளில் ஒன்பது மாட்டின் ரோட்டா வைரஸிலிருந்து வந்தவை. இரண்டே இரண்டு மட்டும் மனித வைரஸின் கொடை. எங்கோ ஓரிடத்தில் மாட்டு வைரஸும் மனித வைரஸும் ஒரே உயிரணுவில் சந்தித்துக் கலந்து பிறந்த பிள்ளை இது. தில்லியின் 116-இ வைரஸும் அத்தகைய கலப்பே, ஆனால் விகிதம் தலைகீழ்: பத்துத் துண்டுகள் மனிதரிடமிருந்தும் ஒன்று மட்டும் மாட்டிடமிருந்தும் வந்தவை. இத்தனை தொலைவில் தனித்தனியே கிடைத்த இரண்டு வைரஸ்களிலும் ஒரே ஒரு துண்டு பொதுவாக மாட்டினுடையதாக இருந்தது என்பதுதான் இதில் நெஞ்சைத் தொடும் செய்தி. விபி-4 என்ற வெளிப்புரதத்தை உருவாக்கும் துண்டு அது. உறையிலிருந்து முள்போல் நீட்டிக்கொண்டு, குடலின் உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் கை அதுவே. பி-11 என்று வகைப்படுத்தப்படும் இந்த மாட்டுக் கைதான், பச்சிளங்குழந்தையின் குடலை இரண்டு வைரஸ்களுக்கும் திறந்துவிட்டது. பிற்காலத்தில், வேலூரில் ஆய்வைத் தொடங்கி அமெரிக்காவில் தொடர்ந்த சசிரேகா ரமணியும் உடனாய்வாளர்களும், பி-11 வகைக் கை பற்றிக்கொள்ளும் சர்க்கரைச் சங்கிலி எது என்பதை 2013இல் காட்டினார்கள்: வளர்ச்சி முற்றுப்பெறாத அந்த முன்னோடிச் சங்கிலிகள், முதிராத பருவத்து உடலில் மிகுந்திருந்து, வளர வளர வேறு சங்கிலிகளாக மாறிவிடுபவை. பிறந்த குழந்தைகளை மட்டும் இந்த வைரஸ் ஏன் தேடிவருகிறது என்ற இருபதாண்டுக் கேள்விக்கு அது பெருமளவு விடையளித்தது.

மாட்டின் கிருமி மனிதரைக் காக்கும் என்பது தமிழருக்குப் புதிய செய்தி அல்ல. எட்வர்டு ஜென்னர் 1796இல் பசு அம்மைக் கொப்புளத்தின் நீரைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்த முறை சில ஆண்டுகளிலேயே தென்னிந்தியாவை எட்டியது. தடுப்பு மருந்து எதுவானாலும் அதை அம்மை குத்துதல் என்றே சொல்லும் பழக்கம் முதிய தலைமுறையிடம் நெடுங்காலம் இருந்தது. பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தில் தடுப்பு மருந்துக்குப் பெயர் பிறந்தது. ரோட்டாவிலும் இந்த வழியை அறிஞர்கள் முன்பே முயன்றிருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் பின்லாந்தில் திமோ வெசிகாரி கன்றிடமிருந்து பெற்ற வைரஸைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஆய்வகத்தில் மனிதர் செய்ய முயன்றதை, பெங்களூரில் மாடும் மனிதரும் நெருங்கி வாழும் தெருக்களே செய்துமுடித்திருந்தன என்று கருத இடமுண்டு. கறவை மாடுகள் நகரின் உள்தெருக்களில்கூடக் கட்டப்பட்டிருந்த பெங்களூரு அது.

துர்கா ராவின் குழு அத்தோடு நின்றுவிடவில்லை. 1988 முதல் 1999 வரை பெங்களூரில் ரோட்டா பேதிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் கணக்கைத் தொடர்ந்து பார்த்தபோது, அந்த எண்ணிக்கை குறைந்துவந்ததை அவர்கள் கண்டார்கள். பச்சிளங்குழந்தைகளிடையே ஐ-321 அமைதியாகப் பரவியதற்கு அதில் பங்கு இருக்கக்கூடும் என்று 2004இல் எழுதினார்கள். தலைப்பிலேயே இருக்கக்கூடும் என்ற சொல்லை இட்டு எழுதிய அந்த எச்சரிக்கை பாராட்டுக்குரியது. ஒரு நகரத்தில் இரண்டு நிகழ்வுகள் ஒரே காலத்தில் நடந்தன என்பதால் ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடாது. காரணம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வைரஸைக் கொடுத்து, மறுபகுதிக்கு மருந்தற்ற சொட்டைக் கொடுத்து, யார் எந்தப் பகுதி என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

அந்த ஒப்பீட்டுக்கான வழி 1987இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட தடுப்பு மருந்து ஒத்துழைப்புத் திட்டத்தால் திறந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ரோஜர் கிளாஸ், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஹாரி கிரீன்பெர்க் முதலியோர் இரண்டு இந்திய வைரஸ்களின் ஆய்விலும் கைகோத்தார்கள். மருந்தாக்கும் பொறுப்பை ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் ஏற்றது. ஒவ்வொரு படியையும் கடக்க ஆண்டுகள் ஆயின. கண்டெடுத்த வைரஸ் குழந்தையின் வாயை எட்டும் முன், அதைப் பிற கிருமி கலவாத தூய நிலையில் உயிரணு வளர்ப்பில் பெருக்கி, பெரியவர்களிடமும் பிறகு வளர்ந்த குழந்தைகளிடமும் தீங்கின்மையைக் காட்டவேண்டும் என்பது விதி.

2006இல் வெளியான முடிவு இரண்டு வைரஸ்களின் விதியையும் தீர்மானித்தது. தில்லியில் எட்டு வார வயதுடைய 90 குழந்தைகள் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதிக்கு 116-இ, ஒரு பகுதிக்கு ஐ-321, மற்றொன்றுக்கு மருந்தற்ற சொட்டு என ஒரே ஒரு முறை அளிக்கப்பட்டது. இரண்டு வைரஸ்களும் தீங்கற்றவையாகவே இருந்தன. ஆனால் நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் உயர்ந்தவர்கள், 116-இ பெற்றவர்களில் 73 விழுக்காடு. ஐ-321 பெற்றவர்களில் 39 விழுக்காடு மட்டுமே. மருந்தற்ற சொட்டைப் பெற்றவர்களிலும் இயற்கைத் தொற்றால் 20 விழுக்காடு பேருக்கு அது உயர்ந்திருந்தது. இந்த எண்களைப் பார்த்த எவரும் ஐ-321ஐ அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் சென்றிருக்க மாட்டார்கள். ஒன்பது பங்கு மாடாக இருக்கும் வைரஸ் எட்டு வாரக் குழந்தையின் குடலில் போதிய அளவு பெருகவில்லை என்று கருதுவது பொருந்தும்; பத்துப் பங்கு மனிதத்தன்மை கொண்ட 116-இ, அதே மாட்டுக் கையை வைத்துக்கொண்டும் நன்றாகப் பெருகியது. அறிவியலில் இத்தகைய தோல்வி வீண்போவதில்லை. ஐ-321ஐ அருகில் வைத்துப் பார்த்திராவிட்டால், 116-இ வைரஸின் வலிமை அதன் மாட்டுக் கையில் மட்டும் இல்லை, உடலின் மற்றப் பகுதிகள் மனிதருடையவையாக இருப்பதிலும் உண்டு என்பது இவ்வளவு தெளிவாகப் புலப்பட்டிருக்காது.

116-இ வைரஸின் இறுதிக் கட்டச் சோதனை தில்லி, புணே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்தது. ஆறு, பத்து, பதினான்கு வார வயதுகளில் மூன்று தவணை பெற்றவர்களுக்கு, கடுமையான ரோட்டா பேதி முதலாண்டில் 56 விழுக்காடு குறைந்ததாக முடிவு வந்தது. செல்வ நாடுகளில் இதேபோன்ற மருந்துகள் 85 விழுக்காட்டுக்கும் மேல் பயன்தந்ததைக் கேட்டிருந்தவர்களுக்கு இந்த எண் ஏமாற்றமாகத் தோன்றியது உண்மை. அந்த ஏமாற்றம் நியாயமற்றது. தடுப்பு மருந்தின் மதிப்பை அது தடுக்கும் பங்கைக் கொண்டு மட்டும் அளக்கக்கூடாது. தடுக்கப்படும் நோயின் அளவைக் கொண்டும் அளக்கவேண்டும். ரோட்டாவால் குழந்தை இறப்பதே அரிதான நாட்டில் நூற்றுக்கு 90 பேரைக் காப்பதைவிட, ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர் இறக்கும் நாட்டில் நூற்றுக்கு 56 பேரைக் காப்பது எண்ணிக்கையில் மிகப் பெரிய நன்மை. அதிலும், வெளிநாட்டு மருந்துகள் தனியார் மருத்துவமனைகளில் ஒரு தவணைக்கு ஆயிரம் ரூபாயளவில் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு டாலருக்கு ஒரு தவணை என்று அறிவித்து வந்த மருந்து இது.

இந்திய மண்ணில் பயன் ஏன் குறைகிறது என்பது தனியே ஆராயப்படவேண்டிய கேள்வி. அதற்கான விடையைத் தேடியவர்களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் முன்னிற்கிறார்கள். 1970களிலேயே அங்கு டி. ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து மேலைநாடுகளில் தரும் பயனை இங்குள்ள குழந்தைகளிடம் தருவதில்லை, கூடுதல் தவணைகள் வேண்டும் என்று காட்டியிருந்தார். ரோட்டாவில் அதே வரிசையைத் தொடர்ந்த ககன்தீப் காங்கும் அவரது குழுவினரும், வேலூரின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை இடைவிடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். மெக்சிகோவில் நடந்து 1996இல் வெளியான இத்தகைய ஆய்வில் இரண்டு முறை இயற்கைத் தொற்று வந்த குழந்தைக்கு அதன்பிறகு கடும் பேதியே வரவில்லை. வேலூரிலோ, மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான் என்று 2011இல் அவர்கள் வெளியிட்டார்கள். இயற்கைத் தொற்றே முழுக்காப்பைத் தராத ஊரில் சொட்டு மருந்து மட்டும் எப்படி முழுக்காப்பைத் தரும்? தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் தொடக்க மாதங்களில் மருந்து வைரஸையும் முறித்துவிடுவது, ஒரே நாளில் கொடுக்கப்படும் போலியோ சொட்டு குடலில் அதனோடு போட்டியிடுவது, சுகாதாரக் குறைவான சூழலில் பல கிருமிகளோடு ஓயாமல் போராடும் குடலின் உட்சுவர் நைந்துபோவது என்று காரணங்கள் பல கூறப்படுகின்றன. தனியொரு காரணம் முழு விடையாக அமையவில்லை.

பாதுகாப்பைப் பற்றிய அச்சத்துக்கும் வரலாறு உண்டு. குரங்கு வைரஸை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவில் 1998இல் உரிமம் பெற்ற முதல் ரோட்டா மருந்து, ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. தொலைநோக்கியின் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வதுபோல், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும் குடற்செருகல் என்ற நிலை, ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு அதனால் உண்டானதே காரணம். அதன் பிறகு வந்த ஒவ்வொரு மருந்தும் இந்தக் கேள்வியைச் சந்தித்தே தீரவேண்டியிருந்தது. இந்தியாவில் பத்து மாநிலங்களின் 27 மருத்துவமனைகளில் குடற்செருகலோடு வந்த குழந்தைகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, 116-இ வைரஸைக் கொண்ட ரோட்டாவாக் மருந்தால் அந்த ஆபத்து கூடவில்லை என்று காட்டியது. குழந்தைக்கு எது கொடுத்தாலும் அஞ்சும் பெற்றோரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடாமல், இப்படி எண்ணிப் பார்த்து விடைசொல்வதே அறிவியலின் கடமை. அந்தக் கடமை இங்கே நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

2016 மார்ச்சில் ஆந்திரம், அரியானா, இமாசலப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் அரசின் திட்டத்தில் சேர்ந்த ரோட்டா மருந்து, 2017இல் தமிழ்நாட்டுக்கும், 2019இல் கர்நாடகத்துக்கும் வந்து, அந்த ஆண்டோடு நாடு முழுவதையும் எட்டியது. ரோட்டாவாக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் 2018இல் கிடைத்தது. புணே சீரம் நிறுவனத்தின் ரோட்டாசீல் என்ற மற்றொரு மருந்தும் இப்போது பயன்பாட்டில் உள்ளது. மாட்டு வைரஸை அடித்தளமாக வைத்து, அதன்மேல் மனித வைரஸின் வெளிப்புரதங்களை ஏற்றி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட கலப்பு அது. மாட்டு வைரஸின் உடலால் பயனே இல்லை என்று ஐ-321இன் தோல்வியிலிருந்து முடிவுகட்டிவிடக்கூடாது என்பதற்கு இந்த மருந்தே சான்று. மூன்று தவணையாக, வேறு அளவில், வேறு வெளிப்புரதங்களோடு கொடுக்கும்போது மாட்டு வைரஸின் அடித்தளமும் பயன் தருகிறது. பேதியோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை ஒன்பது மாநிலங்களில் ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வில், ரோட்டாவாக் மூன்று தவணையும் பெற்றவர்களுக்குக் கடும் ரோட்டா பேதியிலிருந்து 54 விழுக்காடு பாதுகாப்பு இருந்தது. சோதனைக் காலத்து எண்ணும் தெருவில் கிடைத்த எண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்பது தடுப்பு மருந்துகளில் எப்போதும் நிகழ்வதல்ல.

பெங்களூரில் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆறு வாரக் குழந்தையோடு வரும் தாயின் கையில், கர்நாடக அரசு தரும் தாயி அட்டை இருக்கும். தொடையில் ஊசி போடுவதற்கு முன், குழந்தை அழாமல் இருக்கும்போதே, செவிலியர் அதன் கன்னங்களை மெல்ல அழுத்தி வாயைத் திறக்கவைத்து, நாக்கின் மேல் அல்லாமல் கன்னத்தின் உட்புறம் நோக்கி மருந்தை விடுவார். ரோட்டாவாக் என்றால் ஐந்து சொட்டு. குழந்தை முகத்தைச் சுளித்து விழுங்கும். அட்டையில் ஒரு கட்டம் நிரப்பப்படும். அந்த ஐந்து சொட்டில் இருப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் தில்லியில் ஏதோ ஒரு பச்சிளங்குழந்தையின் மலத்தில் இருந்த வைரஸின் வழித்தோன்றல் என்பதை அந்தத் தாயோ செவிலியரோ அறிந்திருக்கவேண்டிய தேவை இல்லை. மூன்று தவணையும் முடியும்வரை அவர்கள் திரும்பி வருவதுதான் தேவை. வாடகை வீட்டை மாற்றிக்கொண்டு, கட்டட வேலை முடிந்ததும் அடுத்த பகுதிக்குச் செல்லும் குடும்பங்கள் நிறைந்த இந்நகரில், முதல் தவணை பெற்ற குழந்தையை மூன்றாம் தவணைக்குக் கண்டுபிடிப்பதற்கு ஆஷா பணியாளர்கள் வீடுவீடாக நடக்கும் நடைக்கு ஆய்வகத்தில் செய்யும் எந்தப் பணியும் குறைந்ததுமல்ல, மிகுந்ததுமல்ல.

தோற்ற வைரஸிடம் திரும்பினால், ஐ-321 எட்டு வாரக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது; அது இயற்கையில் வாழ்ந்ததோ பிறந்த முதல் சில நாட்களின் குடலில். அந்த வயதுக்கே உரிய வைரஸை அந்த வயதிலேயே கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை, மெல்போர்னின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ரூத் பிஷப்பின் குழு கண்டெடுத்த வேறொரு வைரஸைக் கொண்டு இந்தோனேசியாவில் கேட்டுப் பார்த்தார்கள். ஜாவா தீவில் 1,649 குழந்தைகள் சேர்ந்த அந்தச் சோதனையில், ஒரு பகுதியினருக்குப் பிறந்து ஐந்து நாட்களுக்குள் முதல் தவணை கொடுக்கப்பட்டது. மற்றொரு பகுதியினருக்கு வழக்கம்போல் எட்டு வாரத்தில் தொடங்கப்பட்டது. 18 மாதம் வரை கணக்கிட்டபோது, பிறந்த வாரத்தில் தொடங்கியவர்களுக்கு 75 விழுக்காடும், தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு 51 விழுக்காடும் பாதுகாப்பு இருந்ததாக 2018இல் முடிவு வெளியானது.